ஒரு சாண் உசரம்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும், நாய் தூக்காது. ஜீப்பு பாக்க வர்றேன்னு போன்ல பேசுன தம்பிதான நீங்க? நெனச்சேன். பஸ்ஸுலயா வந்தீங்க? பிடிச்சா அப்படியே ஓட்டிட்டுப் போயிரலாம்னு வந்திருக்கீங்களாக்கும். நல்லது, நல்லது. உக்காருங்க.

அவரு வீட்டுல இல்ல. பல்லு வலின்னு வத்தலக்குண்டுக்கு எறங்கிப் போயிருக்காரு. பல்லுல ஒரு வலியும் கிடையாது. கட்டுன நாள்ல இருந்து பாக்குறேன், தேங்காய் மட்டைய பல்லால கடிச்சு உரிக்கிற ஆளு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் காலையில தாடையப் பிடிச்சுக்கிட்டாரு. "வந்தா வண்டியக் காமிச்சு விடு வள்ளிமயிலு"ன்னு சொல்லிட்டு, சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அவரு வண்டிய நான் காமிக்கணுமாம்.

காமிக்கிறேன், காமிக்கிறேன். கொட்டாயிலதான் நிக்குது, எங்க ஓடிரப் போகுது? மொதல்ல இந்தக் காப்பியக் குடிங்க. எங்க தோட்டத்துக் கொட்டை, நானே வறுத்தது. குடிச்சுக்கிட்டே ரெண்டு வார்த்தை கேட்டுக்கங்க. நாளைப் பின்ன 'அந்தப் பொம்பள மறைச்சு வித்துப்புட்டா'ன்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க. நான் ஒளிவு மறைவு தெரியாதவ. அதோட, வண்டி வாகனம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதையும் இப்பவே சொல்லிடுறேன்.

எங்க வீட்டுக்காரரு பேரு தெய்வேந்திரன். கரண்ட் ஆபீஸ்ல போர்மேனா இருந்து வெளிய வந்தவரு. இந்த மலையில எந்தக் கம்பம் எந்தப் பாறையில நிக்குதுன்னு இவருக்குத் தெரியும். வேலையில இருந்த காலத்துல, சோத்துல கைய வெச்சா போன் வந்துரும். 'அண்ணே அங்க கம்பி அறுந்துருச்சு, அண்ணே இங்க பியூஸ் போயிருச்சு'ன்னு. ரிட்டயர் ஆன மறுநாள்ல இருந்து போன் செத்துப் போச்சு. மனுசன் அதைக் கையில எடுத்துப் பாப்பாரு, வெப்பாரு, எடுத்துப் பாப்பாரு. கரண்ட் போனா சந்தோசப்படுற ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? இவரு படுவாரு. தெரு இருட்டாச்சுன்னா சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிப்பாரு, யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு. ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. செத்த நேரத்துல லைட்டு வந்துரும். சட்டையக் கழட்டிட்டு வந்து படுத்துக்குவாரு.

அப்பத்தான் இந்த ஜீப்பு வந்துச்சு. ஏதோ எஸ்டேட்டுல ஓரமா நின்னு கோழி அடைஞ்சு கிடந்த வண்டி. பொய் சொல்லல, கொண்டு வந்த அன்னைக்குப் பின் சீட்டுக்கு அடியில முட்டை இருந்துச்சு. "இது என்னங்க கூத்து"ன்னேன். "நாலு சக்கரமும் இழுக்கும் வள்ளி, நம்ம காப்பித் தோட்டத்துக்குத் தலைச்சுமை வேணாம்"ன்னாரு. சரி, மனுசனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணுமேன்னு நானும் விட்டுட்டேன். முட்டைய அடை வெச்சேன். பொரிச்சுச்சு.

எங்க தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. ஓடையில எறங்கி ஏறுற எடத்துல யானைக்குட்டி படுத்த மாதிரி ஒரு பாறை. அதுக்கு மேல ஏறித்தான் போகணும், வேற வழி இல்ல. ஒரு நாள் நானும் இவரும் போறோம். வண்டி பாறை மேல ஏறுச்சு, டங்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அடிவயிறு பாறையில உக்காந்துருச்சு. நாலு சக்கரமும் அந்தரத்துல சுத்துது. ஆமையத் தூக்கிக் கல்லு மேல வெச்சா எப்படி இருக்கும், அப்படி.

அந்த நேரம் பாத்து எங்கண்ணன் சங்கிலிராசு வந்து சேர்ந்தாரு. அவருக்கும் அந்தப் பக்கம்தான் தோட்டம். புது வண்டி, பளபளன்னு, எங்க வண்டியவிட ஒரு முழம் உசரம். கரையிலயே நிறுத்திட்டுக் கண்ணாடிய எறக்கி, "என்ன மாப்ள, வண்டி தவழப் பழகுதா?"ன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு பாருங்க, ஓடைத் தண்ணிச் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. இவரு பாட்டுக்கு எறங்கி ஜாக்கி போட ஆரம்பிச்சாரு.

நான் பெருசா ஒண்ணும் சொல்லிரல தம்பி. வீட்டுக்கு வர்ற வழியில, "எங்கண்ணன் வண்டி நல்ல உசரம்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் சோறு போடும்போது ஒருக்கா சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயில்ல சூடம் எரியும்போது ஒருக்கா. சும்மா பேச்சுவாக்குல வந்ததுதான். இதுக்காகவா ஒரு மனுசன் வண்டியத் தூக்குவான்? இவரு தூக்குனாரு. கிறுக்கு.

வத்தலக்குண்டுல சவரியப்பன்னு ஒரு மேஸ்திரி, வண்டியத் தாங்குற வில்லுப் பட்டை அடிக்கிற கமான் பட்டறை வெச்சிருக்காரு. அங்க கொண்டு போய் விட்டாரு. நானும் கூடப் போனேன், சும்மா துணைக்கு. பட்டறையில ஒரு டின்னைக் கவுத்துப் போட்டுக் குடுத்தாங்க, அதுல உக்காந்திருந்தேன். அன்னைக்கு மட்டுமில்ல, வேலை முடியுற வரைக்கும் பஸ்ஸு பிடிச்சுப் பஸ்ஸு பிடிச்சுப் போய் உக்காந்திருந்தேன். வீட்டுல தனியா இருந்து என்ன செய்ய?

மேஸ்திரி சுளுவா முடிக்கத்தான் பாத்தாரு. கமான் பட்டைய வண்டியோட கோக்குற இரும்பு இருக்கு பாருங்க, ஷாக்கிள், அதை மட்டும் நீட்டமாப் போட்டா வண்டி தன்னால தூக்கிக்கும்னாரு. நான்தான் டின்னுல இருந்து எந்திரிச்சேன். "அப்படி நீட்டிவிட்டா வண்டி இடுப்புச் செத்த மாதிரி ரெண்டு பக்கமும் ஆடாதா? பட்டையவே புதுசா, நல்ல வளைவா அடிச்சுப் போடுங்க. சாக்கப்சரும் அதுக்குத் தக்கன நீளமா வேணும். பிரேக்குக் குழாயும் எட்டாது, அதையும் மாத்தணும்"ன்னேன். மேஸ்திரி இவரைப் பாத்தாரு. இவரு மேகத்தைப் பாத்தாரு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? யாரோ பஸ்ஸுல பேசிக்கிட்டு வந்தாங்க, காதுல விழுந்துச்சு. மத்தபடி எனக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் மேஸ்திரி, வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே, "அண்ணே, பின்னாடி ஒரு ஆப்பு வெச்சாத்தான் சரியா வரும்"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "யாருக்குய்யா ஆப்பு வைக்கிற, வெளிய வா"ன்னுட்டேன். பட்டறையே சிரிக்குது. பெறகு பாத்தா நெசமாவே ஆப்புதான். வண்டியத் தூக்குனா, நடுவுல இருந்து பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு சாய்ஞ்சு நிக்கும். நாப்பதுல போனாலே குளிர்ல நடுங்குற மாதிரி வண்டி நடுங்கும். அதுக்குத்தான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ஒரு இரும்பு ஆப்பைச் சொருகிச் சாய்வைச் சரி பண்றாங்க. இப்பக் கேட்டாலும் எந்தப் பக்கம் தடிப்பு வரணும்னு சொல்லுவேன். ஆனா எனக்கு அதுல எல்லாம் ஈடுபாடு கிடையாது.

வண்டி வந்துச்சு. பெரிய டயரு, புதுப் பட்டை, எல்லாம் சேத்து ஒரு சாண் எந்திரிச்சு நிக்குது. தெருவே வந்து பாத்துச்சு. இவரு கொட்டாய்க்குள்ள விட்டாரு, மேல படுதாக் கம்பி போய் ஓட்டுல முட்டுச்சு. மறுபடியும் வெளிய எடுத்து, ஓட்டைப் பிரிச்சு, கொட்டாயையும் ஒரு சாண் தூக்குனாரு. அப்ப நான் கேட்டேன்: "வண்டியத் தூக்குனீங்க, கொட்டாயத் தூக்குனீங்க. என்னை எப்படித் தூக்குவீங்க?"

வெளையாட்டுக்குத்தான் கேட்டேன். ஆனா மறுநாளே அது நெசமாப் போச்சு. என் ஒடம்பைப் பாக்குறீங்கல்ல. நான் ஒண்ணும் நூலு மாதிரி இருக்கிறவ இல்ல. கதவுக்கிட்ட போய் நின்னா சீட்டு எனக்கு மாருக்கு நேரா இருக்கு. ஒரு கால மேல வெச்சேன், இன்னொரு காலு தரையிலயே நின்னுக்கிச்சு. ரெண்டுக்கும் நடுவுல சேலை. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. இவரு பின்னால வந்து, மூட்டை ஏத்துற மாதிரி தோளைக் குடுத்து நெம்புனாரு. எதிர்த்தாப்புல டீக்கடை. அத்தனை பேரும் டீயக் கையில வெச்சுக்கிட்டுக் குடிக்காம நிக்குறாங்க.

அன்னைக்கே ஒரு படி அடிச்சு மாட்டுனாரு, இரும்புல, கதவுக்குக் கீழ. நல்லாத்தான் இருந்துச்சு. தோட்டத்துக்குப் போனோம். ஓடைப் பாறையில டங்குன்னு ஒரு சத்தம். என்னன்னு பாத்தா படி இடிக்குது! பாறை இடிக்கக் கூடாதுன்னு வண்டியத் தூக்குனோம், தூக்குன வண்டியில ஏறணும்னு படி வெச்சோம், இப்ப படி இடிக்குது. இவரு படிய அறுத்து எறிஞ்சாரு. அதுக்குப் பெறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு. வண்டியோடயே வரும். நிறுத்துனா மொதல்ல ஸ்டூலு எறங்கும், பெறகு நான் எறங்குவேன்.

ஒண்ணு சொல்லணும், மேல ஏறி உக்காந்துட்டா நல்லாத்தான் இருக்கும். ரோட்டோர மதிலுக்கு அந்தப் பக்கம் யாரு வீட்டுல என்ன காயப் போட்டிருக்காங்கன்னு பூராம் தெரியும். முருங்கையில காய் எத்தனை தேறும்னு தெரியும். பஸ்ஸு டிரைவரு நம்மளை நேருக்கு நேரா பாத்து வணக்கம் வைப்பாரு. எனக்கு அதெல்லாம் தேவையில்ல. இருக்கிறதைச் சொல்றேன்.

இப்பத்தான் நிச்சயதார்த்தம் வருது. எங்கண்ணன் மகளுக்கு. கீழ மண்டபத்துல, சொந்தம் பூராம் வருது. நான் பட்டுச் சேலை, இவரு வெள்ளை வேட்டி. "பஸ்ஸுல போவோம்"னாரு இவரு. நான்தான், "எதுக்கு, நம்ம வண்டிதான் இருக்கே, எங்கண்ணனும் பாக்கட்டுமே"ன்னேன். போனோம். மண்டப வாசல்ல, மேளக்காரங்க உக்காந்திருக்கிற பந்தலுக்கு நேரா கொண்டு போய் ஜம்முன்னு நிறுத்துனாரு. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. நான் கொண்டையச் சரி பண்ணிக்கிட்டு, "ஸ்டூலைப் போடுங்க"ன்னேன்.

ஸ்டூலு இல்ல.

அவசரத்துல வீட்டு வாசல்லயே விட்டுட்டு வந்திருக்காரு. குதிக்கவா முடியும்? பட்டுச் சேலை, தலை நிறைய பூவு, கையில பழத்தட்டு. அவரு பாட்டுக்குக் கீழ நின்னு கைய நீட்டுறாரு, "மெதுவா வா, நான் பிடிச்சுக்கிறேன்"னு. பிடிக்கிற ஆளா அவரு? நான் விழுந்தா ரெண்டு பேரையும் சேத்துத்தான் அள்ளணும். அப்படியே உக்காந்திருக்கேன், நேரம் போகுது, கூட்டம் சேருது. எங்க மதினி பவுனுத்தாயி வெளிய வந்தா. மேல என்னையப் பாத்தா, கீழ இவரைப் பாத்தா. "ஏப்பா மேளம், என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? எங்க நாத்தனா சாமி எறங்கப் போகுது, அடிங்கப்பா!"ன்னா.

அந்தக் கூறு கெட்ட மேளக்காரனும் அடிச்சிட்டான் தம்பி!

பூ கட்டுறதுக்குச் சாத்தி வெச்சிருந்த மூங்கில் ஏணிய எங்கண்ணனே தூக்கிட்டு வந்து வண்டியில சாத்துனாரு. நான் ஒவ்வொரு படியா எறங்குறேன், மேளம் கொட்டுது, எல்லாரும் சிரிக்கிறாங்க, ஒருத்தி கும்பிடுறா. பந்தியில உக்காந்தேன், ஒரு வாய் உள்ள போகல.

திரும்பி வரும்போது மலை ஏறுற வரைக்கும் தலைப் பூவைப் பிச்சுப் பிச்சு வெளிய போட்டுக்கிட்டே வந்தேன். வீட்டு வாசல்ல ஸ்டூலு கிடந்ததைப் பாத்ததும் வாய் தெறந்துச்சு. "இந்த வண்டி இந்த வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன். வித்துத் தொலைங்க"ன்னேன். இவரு, "சரி"ன்னாரு. அவ்வளவுதான். ஏன், எதுக்கு, நீதான அதுல வரணும்னு சொன்ன, ஒரு வார்த்தை கிடையாது. சரின்னா சரி, அப்படி ஒரு பிறவி. மறுநாள் வண்டியக் கழுவுனாரு. சோப்புப் போட்டு, சக்கரத்துக்கு உள்ள எல்லாம் கைய விட்டுத் தேச்சு, பழைய வேட்டியால தொடச்சாரு. பக்கத்து வீட்டு வாத்தியார விட்டு போட்டோ எடுக்கச் சொல்லி போன்ல போட்டாரு. அதைத்தான் நீங்க பாத்திருக்கீங்க. போட்டோவுல ஓரமா ஒரு கை தெரியும் பாருங்க, வண்டி மேல வெச்ச கை. அது இவரு கைதான். எடுங்கன்னாலும் எடுக்கலையாம்.

நான் அடுப்படி சன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கென்ன வந்துச்சு, விக்கட்டும்னு இருந்தேன்.

நீங்க பேசி, 'மழை விட்டதும் வர்றேன்'னு சொன்னீங்கல்ல, அந்த மழைதான். என்ன மழை! காத்து அடிச்சதுல மூங்கில்சோலை லைன்ல வரிசையாக் கம்பம் சாஞ்சு போச்சு. மூங்கில்சோலைங்கிறது ஓடைக்கு அந்தப் பக்கம் எங்க தோட்டத்தையும் தாண்டி இருக்கிற ஊரு. வீடு கொஞ்சம்தான். கரண்ட் இல்லாம ஒரு வாரமா மோட்டார் ஓடல, தொட்டியில தண்ணி ஏறல. ஓடையில செம்மண்ணாப் போற தண்ணியத்தான் மொண்டு குடிக்கிறாங்க. சின்னப் புள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும்னு சேதி வந்துருச்சு. கரண்ட் ஆபீஸ் லாரி கம்பிச் சுருளை ஏத்திக்கிட்டு வந்து ஓடைக்கு இந்தக் கரையில நிக்குது. அவ்வளவு பெரிய லாரி அந்தப் பாதையில எப்படித் திரும்பும்? தலைச்சுமையாக் கொண்டு போகவும் வழி இல்ல.

அப்ப நம்ம வாசல்ல வந்து நின்னாங்க, ரெண்டு லயன்மேனும், புதுசா வந்த இஞ்சினியர் பொண்ணும். "அண்ணே, உங்க வண்டி போகுமா?"ன்னு கேட்டாங்க. இவரு திரும்பி என்னையப் பாத்தாரு. வித்துடுறேன்னு சொன்ன வண்டி பாருங்க, அதை எடுக்க என்கிட்ட உத்தரவு வேணுமாம். "என்னைய எதுக்குப் பாக்குறீங்க? போற வண்டி ஒருக்கா போயிட்டுப் போகட்டும்"னேன். சொன்னதும் பாக்கணுமே, ரிட்டயர் ஆன ஆளு மாதிரியா ஓடுனாரு!

நானும் ஏறிக்கிட்டேன். அவரு மத்தியானம் மாத்திரை போடணும்ல, மறந்துருவாரு.

பின்னால கம்பிச் சுருளு, கம்பத்துல மாட்டுற பீங்கானு, கவுறு. லயன்மேன் ரெண்டு பேரும், அந்தப் பொண்ணும். ஓடையில எறங்குறோம். தண்ணி சக்கரத்தோட நடு வரைக்கும் சுத்திக்கிட்டுப் போகுது. பழைய உசரமா இருந்தா இன்னேரம் காலை நனைச்சிருக்கும். பாறை வருது. டங்குன்னு சத்தம் வரும்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன். வரல. கண்ணத் தெறந்தா பாறை பின்னால இருக்கு. தொடவே இல்ல தம்பி! ஒரு விரக்கடை எடம் விட்டுத் தாண்டியிருக்கு. அந்தப் பட்டைக்கு அவ்வளவு வளைவு வேணும்னு சண்டை போட்டது யாரு? சரி, அது கிடக்கட்டும்.

அதுக்கு அங்கிட்டுத்தான் ஆபத்து. மலைய ஒட்டிப் போற பாதை, மழையில பாதி சரிஞ்சிருக்கு. வலது பக்கம் மலை. இடது பக்கம் பாத்தா மரத்தோட உச்சிதான் தெரியுது. பாதை பூராம் இடது பக்கமாச் சாஞ்சு, சேறு. உசரம் ஏத்துன வண்டிக்கு எல்லாம் சுகம்தான், சாய்வு மட்டும் ஆகாது. உசந்தவன் தடுமாறுனா எப்படி ஆடுவான், அப்படி ஆடும். மெதுவா எறக்கிவிட்டாரு. பாதி தூரம் போனதும் வண்டி இடது பக்கம் சாயுது. இன்னும் சாயுது. "குதிங்க"ன்னு ஒரு சத்தம், லயன்மேன் பயலுக அந்தப் பொண்ணைக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மலைப்பக்கம் குதிச்சிட்டாங்க. நானும் எந்திரிச்சேன். இவரு திரும்பல. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டை விட்டுக் கண்ண எடுக்காம, "வள்ளி, நீ மட்டும் எறங்கிராத"ன்னாரு.

எனக்குப் புரிஞ்சு போச்சு. ஏன், எதுக்குன்னு கேக்கல. கம்பிச் சுருளு மேல ஏறி வலது பக்கம் போனேன். ஓரக் கம்பியில கால வெச்சு, படுதாக் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ஒடம்பு பூராத்தையும் வெளிய சாச்சுட்டேன். முதுகுல மலைச்செடி உரசுது. வலது பக்கச் சக்கரம் தரையில இருந்து எந்திரிச்சிருந்தது என் காலுக்குத் தெரிஞ்சுது தம்பி. தொங்கிக்கிட்டு நின்ன சக்கரம். நான் சாஞ்சேன், அது மெல்ல வந்து தரையில உக்காந்துச்சு. உக்காந்ததும் தெரிஞ்சுது. லயன்மேன் ரெண்டு பேரும் ஓடி வந்து என் பக்கத்துல தொத்தப் பாத்தாங்க. ரெண்டு பேரையும் சேத்தாலும் என்னில பாதி தேற மாட்டானுக. "போங்கடா அங்கிட்டு, முன்னால போய் வழி பாத்துச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டேன்.

மொத கியர்ல, எறும்பு ஊர்ற மாதிரி ஓட்டுறாரு. "இன்னும் கொஞ்சம் சாய்"ங்கிறாரு, சாயுறேன். "இப்ப எழும்பு"ங்கிறாரு, எழும்புறேன். "உங்களைக் கட்டுன பாவத்துக்கு மலையில தொங்கணும்னு எழுதியிருக்கு"ன்னு கத்துனேன். அதுக்கு அந்த மனுசன் என்ன சொல்றாரு தெரியுமா? "உன்னைய எதுக்குக் கட்டுனேன்னு இப்பத்தான் எனக்கும் தெரியுது"ங்கிறாரு! சாகப் போற எடத்துல பேச்சைப் பாருங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா ஒடம்பு குலுங்குது, ஒடம்பு குலுங்குனா வண்டி குலுங்குது. "சிரிக்காத, சிரிக்காத"ன்னு அவரு கத்துறாரு. சிரிச்சுக்கிட்டேதான் கத்துறாரு.

ஊரு போய்ச் சேர்ந்தோம். இவரைக் கம்பத்துல ஏற விடல, வயசு போச்சு, வேலையிலயும் இல்ல. கீழ நின்னுக்கிட்டு, "அந்தப் பக்கம் இழு, அந்தக் கிளைய வெட்டு, அங்க பழைய கல்லு இருக்கும் பாரு, அதுல கட்டு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. தொண்டை கட்டிப் போச்சு. பொழுது சாயுறதுக்குள்ள மோட்டார் ஓடுச்சு. குழாய்ல மொதல்ல காத்து வந்துச்சு, பெறகு புஸ்ஸுன்னு தண்ணி. ஊர்ப் பொம்பளைக குடத்தோட ஓடுறாங்க. ஒருத்தி, கைப்புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு, என் கையப் பிடிச்சா. விடாமப் பிடிச்சுக்கிட்டே நின்னா. நான் எதுக்கோ இவரைத் தேடுனேன். இவரு வண்டிக்கு அடியில குனிஞ்சு பட்டையத் தடவிப் பாத்துக்கிட்டு இருக்காரு, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு. வண்டிக்குத் தம்பி, எனக்கு இல்ல.

ராத்திரி அங்கயே தங்கிட்டு மறுநாள் திரும்பி வந்தோம், அப்ப பாதைய வெட்டிச் சரி பண்ணியிருந்தாங்க. எறங்கும்போது அந்த இஞ்சினியர் பொண்ணு, "இன்னும் மழை இருக்குண்ணே, கூப்பிட்டா வருவீங்களா?"ன்னு கேட்டுச்சு. இவரு, "வண்டிய விக்கப் போறேம்மா, ஆளு வர்றாரு"ன்னாரு.

அவங்களை எறக்கிட்டுக் கெளம்புனோம். வீடு வரைக்கும் நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு அவரு இருந்தாரு போல. அவரு கேக்கட்டும்னு நான் இருந்தேன். நான் எப்படிச் சொல்லுவேன்? 'வண்டியா நானா'ன்னு கேட்டது நான். இப்ப நானே போய், 'இருக்கட்டுமுங்க'ன்னா என் பேச்சுக்கு நாளைக்கு என்ன மரியாதை? அவரும் கேக்கல. பல்லு வலின்னு போயிட்டாரு.

அதனால வண்டியப் பத்தி உங்ககிட்ட நல்லபடியாச் சொல்லணும்னுதான் உக்கார வெச்சேன். ஸ்டியரிங் கனம். சும்மா கனம் இல்ல, ஒரு வளைவு திருப்புனா ஒரு நாள் கோடாலி பிடிச்ச மாதிரி இருக்கும். பட்டை கெட்டி, ஒவ்வொரு குழியும் முதுகெலும்புல எண்ணிக்கிட்டே போகலாம். டீசல் குடிக்கும். வளைவுல வேகமாப் போனா சாயும், பக்கத்துல ஏத்த ஆளு வேணும். கல்யாணம் ஆயிருச்சா? இல்லையா? அப்ப ரொம்பக் கஷ்டம். அம்மா இருக்காங்களா? எத்தனை உசரம் இருப்பாங்க? அவங்களால ஏறவே முடியாது. சொல்லிட்டேன்.

என்னது, உசரம்தான் உங்களுக்குப் பிடிச்சிருக்கா? உசரத்துக்காகத்தான் வந்தீங்களா? காப்பி ஆறிப் போச்சு பாருங்க, இன்னொண்ணு போடவா?

இந்தா, அவரே வந்துட்டாரு. என்னங்க, பல்லு என்னாச்சு? வலி நின்னு போச்சாக்கும். சீக்கிரம் வந்துட்டீங்களே. இவருதான் அந்தத் தம்பி. வண்டியெல்லாம் பாத்தாச்சு.

சும்மா இருங்க தம்பி. கேட்டதெல்லாம் பாத்த மாதிரிதான்.

பாத்தாச்சுங்க. வேணாங்கிறாரு. ஆமா, உசரம் ஜாஸ்தியாம். அவங்க அம்மாவால ஏற முடியாதாம். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், இந்த மாதிரி வண்டி கிடைக்காது தம்பின்னு. கேக்க மாட்டேங்கிறாரு. இல்லையா தம்பி? சொல்லுங்க அவர்கிட்ட. பாத்தீங்களா, தலைய ஆட்டுறாரு. நீங்க முகத்தைத் தொங்கப் போடாதீங்க. தொங்கப் போட்டுத்தான் இருக்கீங்களா? வாய் காது வரைக்கும் போகுது. பல்லு வலிக்காரரு இப்படியா சிரிப்பாரு?

வந்தவருக்கே பிடிக்கலைன்னா நம்ம என்ன செய்ய முடியும்? கிடந்துட்டுப் போகுது. வாத்தியார்கிட்டச் சொல்லி அந்தப் போட்டோவ எடுத்துரச் சொல்லுங்க, ஆளுக சும்மா அலையுறாங்க, பாவம். இந்தத் தம்பிக்கும் பஸ்ஸு போயிருச்சு. அடுத்த பஸ்ஸு பொழுது போயித்தான். கீழ வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வாங்க.

செத்த இருங்க, சேலைய மாத்திக்கிட்டு வர்றேன். ஏன், நான் வந்தா என்ன? வளைவுக்கு ஆளு வேணாமா? தம்பி, நீங்க பின்னால ஏறிக்கங்க. முன்னால என் எடம்.